மூன்று நிமிட இடைவெளி

கள ஆய்வில் பிரஷர் பார்ப்பதற்கு என்று ஒரு முறை உண்டு. பிரஷர், சர்க்கரை போன்ற நோய்களின் காரணிகளைக் கணக்கெடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் வழிமுறையில், ஆளை முதலில் 15 நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது. பிறகு 3 தடவை அளக்க வேண்டும், நடுவே 3 நிமிட இடைவெளி விட்டு. கடைசி இரண்டின் சராசரிதான் கணக்கில் சேரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், படிவத்தில் விட்டுப்போன கட்டங்களை நிரப்பத்தான் அந்த இடைவெளி எனக்குப் பயன்பட்டது.

இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் ஓர் அம்மாவின் வீட்டில் அது மாறியது. முதல் அளவு 168/104. பிரஷர் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா? ஆமாம். கடந்த இரண்டு வாரத்தில் மாத்திரை சாப்பிட்டீர்களா? இல்லை. ‘இல்லை’க்கு உரிய எண்ணை வட்டமிட்டுவிட்டு, அடுத்த அளவுக்காகக் காத்திருந்தேன். கையில் சுற்றிய பட்டையைப் பார்த்தபடி அவராகவே பேச ஆரம்பித்தார்.

“ஆஸ்பத்திரியில மாத்திரை குடுக்குறது காலையில பத்து மணிக்கு மேலதான் தம்பி. நான் வேலை முடிஞ்சு வீடு வர்றதே எட்டு மணி. வரிசையில நின்னு வாங்கிட்டு வந்தா மதியம் தாண்டிடும். தூங்காம ராத்திரி முழுக்க நின்னு வேலை பாக்க முடியல, லீவு போட்டுடறேன். பதினஞ்சு நாளைக்குத்தான் குடுக்குறாங்க. மாசத்துல ரெண்டு நாள் சம்பளம் போனா எப்படி?”

இதை எழுதப் படிவத்தில் இடமே இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

உடற்பயிற்சி உண்டா என்று கேட்டபோது, “அதுக்கெல்லாம் ஏது நேரம்” என்றார். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது பரிந்துரை. ஒரே இரவில் அதைத் தாண்டிவிடுகிறவர் அவர். ஆனால் எங்கள் அறிக்கையின் வரைபடம் ஓய்வு நேர உடற்பயிற்சியை மட்டும் காட்டியது. அதில் அவர் பூஜ்யம்.

அறிக்கைக் கூட்டத்தில், மருந்து எடுக்காதவர்களின் பத்தியைப் பார்த்ததும் “விழிப்புணர்வு போதவில்லை” என்றார் ஒருவர். எனக்கு ஆத்திரம் வந்தது. தன் மாத்திரையின் பெயர், வேளை, நிறம் எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் அது உறுத்துகிறது.

விஷயம் புதிதுமில்லை. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, பிரிட்டனின் அரசு ஊழியர்களில் சுமார் 18,000 ஆண்களைப் பின்தொடர்ந்தது. கடைநிலை ஊழியர்கள் மாரடைப்பில் இறப்பது மேல்நிலை அதிகாரிகளைவிடப் பல மடங்கு அதிகம். புகை, பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று, வேல்ஸின் சுரங்கக் கிராமம் ஒன்றில் மருத்துவம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இலேயே எழுதிவிட்டார். இவற்றைப் படித்துத்தான் தேர்வு எழுதினேன். இருந்தும் பகலில் 3 தடவை கதவைத் தட்டிவிட்டு ‘ஆள் இல்லை’ என்று எத்தனை வீடுகளைக் கழித்திருக்கிறேன்! ஷிப்டுக்குப் போனவர்கள், கூலிக்குப் போனவர்கள். நாங்கள் யாரைத் தேடிப் போனோமோ அவர்களேதான்.

அடுத்த சுற்றில் ‘ஏன்?’ என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க வைத்தேன். இரவு எட்டு மணிக்கும் விடுமுறை நாளிலும் போனோம். வந்த பதில்களில் மறதியும் அலட்சியமும் கொஞ்சம்தான். நேரம், தூரம், கூலி. போன தடவை எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய அவமானம். அத்தனையையும் தொகுத்து மனுவாக அனுப்பினோம். 15 நாள் மாத்திரை 30 நாளானது. மாலை நேர மருத்துவம் மட்டும் வரவில்லை.

அந்த அம்மாவுக்கு இந்த முறை 146/92. இரண்டாவது அளவுக்குக் காத்திருந்தபோது கேட்டார்: “சாயங்காலம் ஒரு நாளாச்சும் திறப்பாங்களா தம்பி?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மூன்றாவது மனு போயிருக்கிறது.