கல்லில் பூத்த அல்லி

ஞானஸ்நானத் தொட்டியின் மூடியைத் தொடப்போன கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடி மேல் அல்லிகள். கல்தான், ஆனால் தண்ணீரில் மிதப்பதுபோலவே இருக்கின்றன!

இங்கிலாந்து, கம்ப்ரியா, ரீயா கிராமம். 1842-இல் எழுந்த புனித மேரி தேவாலயம்.

கட்டியவர் சாரா லோஷ். கட்டடக்கலை படித்தவர் அல்ல. பழைய சிற்றாலயம் சிதைந்தபோது, "செலவு என்னுடையது, கட்டும் விதமும் என்னுடையதே" என்பதுதான் அவர் நிபந்தனை. அப்புறம் உள்ளூர்க் கொத்தனாரையே சிற்பியாக்கினார். இந்தத் தொட்டியில் சாராவின் உளியும் பட்டிருக்கிறது.

நாடே கூர்முனை வளைவுகளில் மயங்கியிருந்த காலத்தில் இவர் அரைவட்ட வளைவை எடுத்தார். ஜன்னலைச் சுற்றி வண்டு, பட்டாம்பூச்சி, கோதுமைக் கதிர். எவ்வளவு துணிச்சல்!

வெளியே தங்கை கேத்தரினின் நினைவு மண்டபம். 1835-இல் போய்விட்டாள்.

பளிங்கில் அமர்ந்து, கையிலிருக்கும் பைன் காயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.