சீசர் நான்கு, ஃபெலிக்ஸ் ஏழு

டிசம்பர் 27

ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் இன்றும் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடந்ததாம். சதுரங்கப் பலகையில் மேடாக இருக்கும் கறுப்புக் கட்டம் எது, தாழ்ந்திருக்கும் வெள்ளைக் கட்டம் எது என்பதே மரத்துப்போன விரலுக்குத் தெரியவில்லை என்று பெரியவர் கைகளைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். நாளையிலிருந்து பார்வையற்றோருக்கான எங்கள் சதுரங்க வகுப்பு பத்து மணிக்கு.

டிசம்பர் 28

இத்தாலியன் ஓப்பனிங் என்ற தொடக்க நகர்வு வரிசையை ஆரம்பித்தோம். கட்டத்தின் எழுத்தை பி, சி, டி என்றால் ஒன்று மற்றொன்றாகக் காதில் விழும் என்பதால் பெல்லா, சீசர், டேவிட் என்றுதான் அறிவிக்க வேண்டும். எதிராளி அதைத் திருப்பிச் சொல்லித் தம் பலகையிலும் காயைச் செருக வேண்டும். ஈவா நான்கு, குதிரை ஃபெலிக்ஸ் மூன்று, மந்திரி சீசர் நான்கு என்று பெரியவர் உடனே ஒப்பித்துவிட்டார். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 30

கறுப்பின் மூன்றாம் நகர்வாக, மந்திரிக்குப் பதிலாகக் குதிரையை ஃபெலிக்ஸ் ஆறில் வைத்தேன். பெரியவர் அதைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு எதுவுமே மாறாதது போலச் சிப்பாயைச் சீசர் மூன்றுக்கு நகர்த்தினார். என் குதிரை ஈவா நான்கில் இருந்த சிப்பாயை வெட்டியது. மனப்பாடம் செய்த வரிசை அங்கே அறுந்துவிட்டது. எனவே வரிசையை விட்டுவிட்டு, சீசர் நான்கிலிருந்து டேவிட் ஐந்து, ஈவா ஆறு வழியாக, ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத ஃபெலிக்ஸ் ஏழு வரை எல்லாரும் விரலை மூலைவாட்டில் ஓட்டிப் பார்க்கும்படி செய்தேன்.

டிசம்பர் 31

இளையவள் மட்டும் விரலை ஓட்டவில்லை.

ஜனவரி 2

அவள் பலகையைக் குண்டு விளக்கின் அடியில் தூக்கிப் பிடித்து, மூக்கு படும் அளவுக்குக் குனிந்து, இன்னும் கண்ணால்தான் ஆடுகிறாள். ஓரப் பார்வை போய்விட்டதால், சீசர் நான்கு தெரியும்போது ஃபெலிக்ஸ் ஏழு தெரிவதில்லை. அதைத் தேடிப் போவதற்குள் மந்திரி எங்கிருந்தது என்பது நழுவிவிடுகிறது. "அவளைக் கண்ணை மூடிக்கிட்டு ஆடச் சொல்லாதீங்க சார்" என்று அவளுடைய அம்மா தனியாக வந்து கேட்டுக்கொண்டார். சொல்லமாட்டேன். பார்வை மிச்சமிருப்பவர்களும் பார்வையற்றோர் சதுரங்கப் போட்டிகளில் ஆடலாம். இப்போது கொஞ்சம் பார்வை மிச்சமுள்ளவர்களுக்கான பி2 வகையில் இருக்கும் அவளை, பார்வை ஏறக்குறைய இல்லாதவர்களுக்கான பி1 என்று எழுதப்போகும் நாளை நினைத்து, கையை மடியிலேயே வைத்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 3

மாலை முழுவதும் மின்சாரம் இல்லை. பெரியவர் எல்லாரையும் ஜெயித்தார்.

ஜனவரி 5

கறுப்புக் குதிரை ஃபெலிக்ஸ் ஆறுக்கு வந்தபின், வெள்ளைக் குதிரை குஸ்டாவ் ஐந்துக்குப் பாயும் வரிசையைப் பார்த்தோம். கறுப்புச் சிப்பாய் டேவிட் ஐந்துக்கு வந்து மந்திரியின் வழியை அடைக்கும் இடத்தில் அவள் குழம்பினாள். "தொட்டுப் பாரும்மா, துளையிலிருந்து எடுத்தாத்தான் தொட்ட கணக்கு" என்றார் பெரியவர். 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் பன்னாட்டு பிரெய்ல் சதுரங்கச் சங்கத்தின் அணியும் ஆடியதை மறுபடியும் சொன்னார்; யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். அவள் ஒரு விரலைச் சீசர் நான்கில் வைத்தாள்.

ஜனவரி 6

இன்று இரண்டு கைகளும் பலகையில் இருந்தன, விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே. நான் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 8

நாளை போட்டிக்காகக் கோவைக்கு இறங்குகிறோம். குஸ்டாவ் ஐந்து வேண்டாம், சிப்பாயை டேவிட் மூன்றில் வைத்து நிதானமாகக் கோட்டை கட்டினால் போதும் என்று முடிவு செய்திருந்தேன். பெரியவர் ஒப்புக்கொண்டார். அவள் குஸ்டாவ் ஐந்துதான் ஆடுவேன் என்கிறாள்.