வெளியில் வாழும் பூனைக்குக் குளிர்காலப் பெட்டி

குளிர் தொடங்கியதும் பலர் செய்வது இதுதான்: ஓர் அட்டைப்பெட்டியில் பழைய கம்பளியை மடித்துப் போட்டு, சுவரோரமாக வைத்துவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் நாலைந்து நாளில் கம்பளி ஈரமாகி, பூனை அந்தப் பக்கமே வராது. பூனை ஒதுக்கியது பெட்டியை அல்ல, அந்த ஈரத்தை.

பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது, உண்டாக்கிய சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். வீட்டுப்பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட வெப்ப நிலத்துப் பிராணி. சுற்றுப்புற வெப்பம் சுமார் 30 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உடல் சூட்டைக் காக்க அதன் உடம்பு கூடுதலாக உழைக்க ஆரம்பிக்கும். உறைநிலைக்குப் பக்கத்தில் போகும்போது அந்த உழைப்பு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் நனைந்த ரோமத்துக்குள் காற்று தங்காது. காற்று தங்காத ரோமம் குளிரைத் தடுக்காது.

பெட்டியின் அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிதாகச் செய்தால், ஒற்றைப் பூனையால் அத்தனை காற்றையும் சூடேற்ற முடியாது. ஒன்றிரண்டு பூனைகளுக்கு உள்ளளவு 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் போதும். பூனைகள் அதிகமென்றால் ஒரே பெரிய பெட்டியைவிட இரண்டு மூன்று சிறிய பெட்டிகள் நல்லது. ஒன்றுக்கொன்று ஆகாத பூனைகள், அதுவும் கடுவன்கள், குளிருக்காக ஒரே இடத்தில் சமாதானமாகப் படுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

செய்வதற்குச் சுலபமானதும் பல வருடம் தாங்குவதும் பெட்டிக்குள் பெட்டி முறை. மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் வேண்டும். உள்பெட்டி மேலே சொன்ன அளவு. வெளிப்பெட்டி 60 × 45 × 40 செ.மீ. இருந்தால் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியைத் தெர்மாகோல் பலகையால் நிரப்ப வேண்டும். உதிரும் வெள்ளைத் தெர்மாகோலைவிட, கட்டடங்களில் பயன்படுத்தும் அழுத்தமான பலகை மேல்; அது நீரை உறிஞ்சாது. வெளிப்பெட்டியின் அடியில் பலகையை விரித்து, உள்பெட்டியை வைத்து, நாலு பக்கமும் துண்டுகளைச் செருகுங்கள். துண்டுகளுக்கு இடையே சந்து விழுந்தால் சூடு அந்த வழியாகவே போகும். சிறு துண்டுகளை வெட்டி அடைத்துவிடுங்கள். உள்பெட்டியின் மூடிமேல் வரும் பலகையை வெளிமூடியின் அடிப்புறத்தில் ஒட்டுங்கள். மூடியைப் பெட்டியோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். வைக்கோல் மாற்ற அதைத்தான் திறக்க வேண்டும்.

வாசல் 13 முதல் 15 செ.மீ. விட்டம். பருமனான பூனையும் இதில் நுழைந்துவிடும், நாய் நுழையாது. துளையின் கீழ்விளிம்பு உள்தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும். அப்போதுதான் மழைச்சாரல் உள்ளே வராது, வைக்கோலும் வெளியே சரியாது. துளையை நீளப் பக்கத்தின் நடுவில் போடாமல் ஒரு மூலையை ஒட்டிப் போடுங்கள். பூனை மறு மூலையில் சுருண்டுகொண்டால் வாசல் வழியே வரும் காற்று அதன்மேல் நேராக அடிக்காது.

பிளாஸ்டிக்கை வெட்டும்போது விரிசல் விடுவது வழக்கம். குளிர்ந்த பிளாஸ்டிக் இன்னும் சுலபமாக விரிசல் விடும். பெட்டியை முந்தின நாளே வீட்டுக்குள் வைத்து, வட்டம் வரைந்து, கோட்டின்மேல் டிரில்லில் நெருக்கமாகத் துளைகள் போட்டு, பிறகு கத்தியால் இணைத்து வெட்டுங்கள். இரண்டு பெட்டிகளின் துளையும் நேராக வர வேண்டும். அந்த இரண்டுக்கும் ஊடாக அதே விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, சுற்றிலும் சிலிக்கான் பசை வைப்பது சிறந்தது. குழாய் இல்லாவிட்டால் பெட்டிகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கும். அது வெளியே தெரியாது. குளிர்காலம் முழுக்க அங்கேயே தேங்கிக் கிடக்கும். குழாயை வெளிப்பக்கம் சற்றே தாழ்வாக வையுங்கள். பசையின் வாடை போக இரண்டு மூன்று நாளாவது பெட்டியைத் திறந்துவைக்க வேண்டும். வாடை இருக்கும்வரை பூனை நுழையாது.

காற்றுத்துளையை மறந்துவிடாதீர்கள். பூனை விடும் மூச்சில் ஈரம் இருக்கிறது. முழுக்க அடைத்த பெட்டியில் அது மூடியில் வேர்த்துச் சொட்டும். மூடிக்குச் சற்றுக் கீழே, காற்று அடிக்காத பக்கமாக, விரல் பருமனில் இரண்டு துளைகள் போதும். பனி விழும் இடமென்றால் ஒவ்வொரு முறையும் வாசலில் குவியும் பனியை அள்ளிப் போட வேண்டும். வாசல் அடைபட்டால் உள்ளே இருக்கும் பூனை சிக்கிக்கொள்ளும்.

படுக்கைக்கு வைக்கோல். துணி, துண்டு, கம்பளி, போர்வை எதுவும் வேண்டாம். துணி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரத்துணி பூனையின் சூட்டை உறிஞ்சும். கடுங்குளிரில் விறைத்தும் போகும். வைக்கோல்தாள் உள்ளே குழலாக இருப்பதால் காற்றைப் பிடித்துவைக்கும், ஈரத்தை அவ்வளவாக ஏற்காது. பூனை அதைக் குடைந்து தன் உடம்பு அளவுக்கு ஒரு குழி செய்துகொள்ளும். அந்தக் குழிக்குள்தான் சூடு தங்குகிறது. தீவனத்துக்காக அறுத்து உலர்த்திய புல்லை வைக்கோல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது மென்மையாக, பச்சை நிறம் மாறாமல் இருக்கும். ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். பெட்டியில் முக்கால் பாகம்வரை வைக்கோலைத் தளர்வாகப் போடுங்கள். திணித்தால் பூனையால் குடைய முடியாது. வாரம் ஒருமுறை அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். சரசரவென்று இருந்தால் விட்டுவிடலாம். துவண்டு கையில் ஒட்டினாலோ, முக்கல் வாடை வந்தாலோ மொத்தத்தையும் மாற்றுங்கள். வைக்கோல் கிடைக்காத இடத்தில் செய்தித்தாளைக் கீற்றுகளாகக் கிழித்துப் போடலாம். ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

பெட்டியின் உள்சுவரில் ஒட்ட, சூட்டைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான வெப்பத்தாள் விற்கிறார்கள். முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். வைக்கோலுக்குள் புதையும் பகுதியில் ஒட்டிப் பயனில்லை.

பெட்டியை மண்ணில் வைக்காதீர்கள். செங்கல் அடுக்கியோ மரச்சட்டம் போட்டோ தரையிலிருந்து 10 செ.மீ. தூக்கி வையுங்கள். பின்பக்கம் சற்று உயரமாக இருந்தால் மூடிமேல் தண்ணீர் நிற்காது. வாசல் ஒரு சுவரைப் பார்த்திருக்கட்டும். சுவருக்கும் வாசலுக்கும் 20 செ.மீ. இடைவெளி பூனைக்குப் போதும். காற்றும் நாயும் உள்ளே வராது. மூடிமேல் ஒரு கனமான கல். குளிர் முற்றிய பிறகு வைப்பதைவிட இரண்டு வாரம் முன்பே வைத்துவிட்டால் பூனைக்கு அந்த இடம் பழகியிருக்கும். முதல் சில நாள் வாசலருகே கொஞ்சம் தீனி வைத்து இழுக்கலாம். பிடித்து உள்ளே தள்ளினால் அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நம்பாது.

மின்சாரச் சூடு வேண்டுமென்றால், பிராணிகளுக்கென்று செய்த, வெளிப்புறத்துக்கு ஏற்ற, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உள்ள விரிப்பு மட்டும். மனிதர்கள் முதுகுவலிக்கு வைக்கும் சூட்டுப்பை பூனையின் தோலைச் சுட்டுவிடும். சூட்டு விளக்கை வைக்கோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது, தீப்பிடிக்கும். வெந்நீர்ப் பாட்டில் சில மணி நேரம் உதவும். ஆறிய பிறகு அதுவே பூனையின் சூட்டை இழுக்கும். விடியும்வரை வந்து மாற்ற முடியாதென்றால் அதை வைக்காமலே இருப்பது நல்லது.

குளிரில் பூனைக்குக் கூடுதல் தீனி தேவை. வழக்கமாகக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட்டி, தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள். நேரம் பழகினால் பூனை காத்திருந்து, ஈர உணவு உறைவதற்குள் தின்றுவிடும். தீனியும் தண்ணீரும் பெட்டிக்குள் வேண்டாம். சிந்தினால் படுக்கை ஈரமாகும், மற்ற பிராணிகளும் வாசனை பிடித்து வந்து நுழையும். தண்ணீர்தான் பலருக்கு ஞாபகம் வருவதில்லை. பனியை நக்கித் தாகம் தீர்த்துக்கொண்டால் உடம்பின் சூடு அதை உருக்குவதிலேயே செலவாகும். அகலத் தட்டு சீக்கிரம் உறையும். ஆழமான, வாய் குறுகிய, கறுப்பு நிறப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி வெயில் படும் இடத்தில் வைத்தால் வெகுநேரம் தாங்கும்.

குளிர்காலத்தில் மிகவும் பயப்பட வேண்டியது காரில் ஊற்றும் கூலன்ட். பெரும்பாலானவற்றில் எத்திலீன் கிளைகால் இருக்கிறது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலும் உள்ளே போய்விடும். ஒரு தேக்கரண்டி அளவே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நச்சு முறிவு மருந்து சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலிக்கும், அதனால் குடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே கால்நடை மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள். இன்ஜின் சூட்டுக்காகப் பூனை பானட்டுக்குள் ஏறிப் படுப்பதும் உண்டு. காலையில் வண்டியைக் கிளப்புமுன் பானட்டைத் தட்டி, கொஞ்சம் பொறுங்கள்.

இந்தப் பெட்டி எல்லாப் பூனைக்கும் போதாது. குட்டிகள், கிழப்பூனைகள், மெலிந்தவை, நோயுற்றவை கடுங்குளிரில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறமைகூடக் கிடையாது. குளிர்காலத்து அடர்ந்த ரோமம் பகல் குறையக் குறைய வளர்வது; மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருந்த பூனையை நடுக்குளிரில் வெளியே விட்டால் அது தாங்காது.

காது நுனி, வால் நுனி, விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லென்று இருந்தால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் திசு கிழியும். நடுங்கிக்கொண்டிருந்த பூனை சூடேறாமலே நடுக்கம் நின்று துவண்டு கிடந்தால், உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. உலர்ந்த துண்டால் சுற்றி, வெதுவெதுப்பான நீர்ப் பாட்டிலைத் துணியில் பொதிந்து மார்பை ஒட்டி வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். ஹேர் டிரையர், அடுப்பு, வெந்நீர்க் குளியல் எதுவும் கூடாது. முழு நினைவு திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.