கருநீலத் துணியில் பிறையும் ஆதிரையும்: கையால் ஒரு வான எம்பிராய்டரி

வான டிசைன் என்றதும் கை தானாகப் போவது தங்க நிற நூல்கண்டுக்குத்தான். நட்சத்திரம் எல்லாம் ஒரே மஞ்சள், நிலாவும் அதே மஞ்சள். முடித்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால் பரிசுப்பொருள் சுற்றும் காகிதம் மாதிரி இருக்கும். வானம் அப்படி இல்லை. திருவாதிரை சிவப்பேறிய ஆரஞ்சு, ரோகிணி அதைவிட வெளிர், கார்த்திகைக் கூட்டம் நீலம் கலந்த வெள்ளை. இந்த வித்தியாசத்தை நூலில் பிடித்துவிட்டால் ஜிகினாவே வேண்டாம்.

இங்கே சொல்லும் மாதிரியில் ஓரியன் என்கிற வேடன், ரோகிணி, கார்த்திகை, ஒரு பிறை, ஓரத்தில் கொஞ்சம் பால்வீதி, இவ்வளவுதான். 10 அங்குல மரப் பிரேம் (25 செ.மீ.), 40 செ.மீ. சதுரத் துணி. துணி கருநீலக் கேஸ்மென்ட் அல்லது கெட்டியான பாப்ளின். டூ பை டூ பிளவுஸ் துணி வேண்டாம்; மெலிசாக இருப்பதால் பின்பக்க நூலெல்லாம் முன்னால் நிழலாடும், முடிச்சுகள் இழுத்துச் சுருக்கும். கறுப்பை விடக் கருநீலம் நல்லது. கறுப்பில் வெள்ளை நூல் கண்ணைக் குத்தும், வெளிர்நீலம் சாம்பலாகத் தெரியும். எந்தத் துணியானாலும் முதலில் அலசுங்கள். ஈரத் துணியை வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் நின்றுபோகும் வரை அலச வேண்டும். இல்லாவிட்டால் கடைசித் துவைப்பில் நிலா நீலமாகிவிடும்.

படத்தை அளவோடு வரைவது பெரிய கணக்கு இல்லை. வானத்தில் 1 டிகிரிக்குத் துணியில் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு மேலே, கிழக்கு இடது கைப்பக்கம். வேடனின் தோளில் இருக்கும் ஆதிரையிலிருந்து பாதத்தில் இருக்கும் ரைஜல் வரை 7.4 செ.மீ., இடுப்பின் மூன்று விண்மீன்களும் சேர்ந்து 1.1 செ.மீ., ஆதிரையிலிருந்து ரோகிணி 8.6 செ.மீ., ரோகிணியிலிருந்து கார்த்திகை 5.5 செ.மீ. வேடனின் தலையில் இருக்கும் மூன்று மங்கல் மீன்கள்தான் மிருகசீரிடம். இதே கணக்கில் நிலாவைப் போட்டால் வெறும் 2 மி.மீ. வரும், ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் புள்ளி போன்ற ஒரு பிரெஞ்சு முடிச்சோடு தீர்ந்துபோகும்! அதனால் நிலாவுக்கு மட்டும் கணக்கை மீறி 4 செ.மீ. உயரம் கொடுத்து, வேடனின் தலைக்கு மேலே, ரோகிணிக்கு இடப்பக்கம் வையுங்கள். நிலா நடக்கும் பாதை அந்த வழியாகத்தான் போகிறது.

பிறையின் முதுகு வலப்பக்கம், கொம்புகள் இடப்பக்கம். வடக்கு மேலே இருக்க மாட்டினால் மாசி மாதம் இரவில் தெரியும் நிமிர்ந்த வேடன். அதையே கடிகார முள் போகும் திசையில் கால் சுற்று திருப்பி மாட்டினால் சித்திரை மாத மேற்கு வானம்: வேடன் படுத்திருப்பான், பிறை நம்மூர்ப் பிறையாகத் தோணி போல் மல்லாந்து இருக்கும். வட்டப் பிரேம் என்பதில் இப்படி ஒரு லாபம். இன்னொன்று, பிறையின் இரண்டு கொம்புக்கும் நடுவே நட்சத்திரம் தைக்காதீர்கள். அங்கே நிலாவின் இருண்ட பகுதி இருக்கிறது, அதற்குள்ளிருந்து எந்த மீனும் எட்டிப் பார்க்காது. ரெடிமேட் டிசைன்களில் பாதியில் இந்தத் தப்பு உண்டு.

படத்தைத் துணிக்கு மாற்ற ஆரி வேலைக்காரர்களின் வழிதான் நம்பகமானது. பட்டர் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் 2 மி.மீ. இடைவெளியில் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் துணியில் வெள்ளைப் புள்ளிகள் விழும். குழைவு நீர்த்தால் புள்ளி படரும், தயிர்ப் பதம் போதும். காய்ந்ததும் வெள்ளைப் பென்சிலால் மேலே ஓட்டிவிடுங்கள், கை பட்டால் கலைந்துவிடும். வெள்ளை அல்லது மஞ்சள் கார்பனும் சரிதான். பட்டர் பேப்பரின் எழுதிய பக்கம் மேலே இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். குப்புற வைத்தால் ஆதிரை வலப்பக்கம் போய், முழு வானமும் கண்ணாடி பிம்பமாகிவிடும். இஸ்திரி போட்டு ஒட்டும் டிரான்ஸ்ஃபர் பென்சிலில் இது நிச்சயம் நடக்கும், அதற்குப் படத்தை முன்கூட்டியே திருப்பி வரைய வேண்டும். சூட்டில் மறையும் பேனாவை அடர்நிறத் துணியில் தொடவே தொடாதீர்கள். சில துணிகளில் வெளிறிய கோடு நின்றுவிடுகிறது, மறைந்த கோடும் குளிரில் திரும்பி வருகிறது.

நூல் ஆறு இழைப் பருத்தி. ஒரு கண்டு 8 மீட்டர், இழை பிரித்தால் 48 மீட்டர். இந்த வேலைக்கு ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றே மிஞ்சும். கீழே வரும் எண்கள் டிஎம்சி கம்பெனி நூலின் நிற எண்கள். ஆங்கர் கம்பெனி நூலில் எண் முறையே வேறு, அதனால் கடையில் பகல் வெளிச்சத்தில், துணித் துண்டின் மேல் கண்டை வைத்துப் பார்த்து வாங்குங்கள். டியூப் லைட்டில் 3841 வெள்ளையாகவே தெரியும். ஆதிரைக்கு 720, 722. ரோகிணிக்கு 722, 3825. ரைஜலுக்கும் இடுப்பு மீன்களுக்கும் 3841, 775. கார்த்திகைக்கு 775. மங்கல் மீன்களுக்கு 762. பிறைக்கு 3823, 677, 415. இணைப்புக் கோட்டுக்கு 318. பால்வீதிக்கு 336, 333. பளிச் வெள்ளையான பி 5200 கையில் இருந்தால் ரைஜலின் நடுப்புள்ளிக்கு மட்டும். நாலு இடத்தில் போட்டால் மற்ற நிறமெல்லாம் அழுக்காகத் தெரியும்.

நூலை 45 செ.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து உருவாமல், ஒவ்வொன்றாக உருவிப் பிறகு சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். முறுக்கு விலகி நூல் படிந்து உட்காரும், பளபளப்பே அதில்தான் இருக்கிறது. ஒரு இழைக்கு 10ஆம் எண் ஊசி, இரண்டுக்கு 8. பிரேமின் உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றிக்கொண்டால் துணி நழுவாது. தட்டினால் தப்பு மேளம் மாதிரி ஒலிக்க வேண்டும். அடர்நிறத் துணியில் கண் வலிக்கிறதா? மடியில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், கீழிருந்து வெளிச்சம் ஏறி நெசவின் கண்கள் தெரியும்.

பின்னணியிலிருந்து தொடங்குங்கள். பால்வீதி, ஆதிரைக்கும் இடப்பக்கமாகப் பிரேமின் ஓரத்தில் சாய்ந்து போகும். ஒரு இழையில் 2 மி.மீ. நீளக் குட்டித் தையல்கள், ஒன்றின் திசை மற்றொன்றுக்கு வரக்கூடாது. நடுவில் நெருக்கம், ஓரத்தில் கலைசல். இந்த நிறங்கள் துணியோடு ஒட்டியவை என்பதால் தைக்கும்போது ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கும். பயந்து வெளிர்நிறத்துக்கு மாறாதீர்கள்.

பிறைதான் சோதனை. நடுவில் 10 மி.மீ. அகலம் இருப்பதால் விளிம்புக்கு விளிம்பு நேராகச் சாட்டின் தையல் போட்டால் நூல் தொங்கும், வளையல் மாட்டி இழுக்கும். முதலில் கோடு முழுக்க ஒரு இழையில், முந்தைய தையலின் நூலைப் பிளந்து ஏறும் ஸ்பிளிட் ஸ்டிச் ஓட்டுங்கள். அதன்மேல் நெட்டையும் குட்டையுமாக லாங் அண்ட் ஷார்ட், இதுவும் ஒரே இழை. முதுகு விளிம்பில் 3823, நடுவில் 677, உள்வளைவில் 415. சூரியனைப் பார்க்கும் பக்கம் வெளிச்சம், உள்ளே போகப்போக மங்கல். தையல்களின் திசை சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப் போல ஒரே மையத்தைப் பார்த்து விசிற வேண்டும். ஊசியை உள்ளேயிருந்து ஏற்றி ஸ்பிளிட் கோட்டைத் தாண்டி வெளியே இறக்குங்கள், விளிம்பு கத்தியால் வெட்டினது போல் வரும்.

இதில் எல்லோரும் மாட்டும் இடம் உள்வளைவு. வெளிவிளிம்பு நீளம், உள்விளிம்பு குட்டை. எல்லாத் தையலையும் உள்ளே வரை கொண்டுபோனால் நூல் குவிந்து மேடு கட்டும். மூன்றுக்கு ஒன்றைப் பாதியிலேயே, பக்கத்துத் தையலுக்கு அடியில் ஒளித்து இறக்கிவிடுங்கள். கொம்பு நுனி வந்ததும் குறுக்கே போடாமல் சாய்த்துப் போட்டு, கடைசித் தையல் ஒன்றை நுனி நோக்கி நெடுக விட்டால் கூர்மை கிடைக்கும்.

பெரிய மீன்களுக்கு எட்டுமுனை நட்சத்திரம். ரைஜலுக்குச் செங்குத்து 10 மி.மீ., குறுக்கு 7, மூலைவிட்டங்கள் 4. ஆதிரைக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு, ரோகிணிக்கு இன்னும் ஒன்று குறைவு, வானத்தில் பிரகாச வரிசையும் அதுதான். முதலில் அடர்நிறத்தில் மூலைவிட்டங்கள், பிறகு வெளிர்நிறத்தில் குறுக்கு, கடைசியில் செங்குத்து. ஒவ்வொன்றும் நுனியிலிருந்து நுனிக்குப் போக வேண்டும். நடுவில் ஒரே துளைக்குள் எட்டு முறை இறக்கினால் துணியில் ஓட்டை விழும், நட்சத்திரத்தின் நடுவே இருட்டு. எல்லாம் முடிந்ததும் மையத்தில் ஒரு குட்டிக் குறுக்குத் தையல் போட்டுக் கட்டுங்கள்.

இடுப்பின் மூன்றுக்கும் கார்த்திகைக்கும் பிரெஞ்சு முடிச்சு. ஊசியில் இரண்டு சுற்றுதான். பெரிதாக வேண்டுமென்றால் சுற்றைக் கூட்டாமல் இழையைக் கூட்டுங்கள்: இடுப்புக்கு மூன்று இழை, கார்த்திகைக்கு ஒன்று. மூன்று நாலு சுற்று போட்டால் முடிச்சு சரிந்து வால் விடும். இறக்கும்போது ஏறிய துளையிலேயே இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும், நெசவில் ஒரு இழை தள்ளுங்கள். கார்த்திகை முழுக் கூட்டமும் 4 மி.மீ.க்குள் அடங்கும். சங்கத் தமிழ் அதை அறுமீன் என்கிறது, ஆறு முடிச்சு போதும்.

முடிச்சுக்கு முடிச்சு பின்பக்கமாக நூலை இழுத்துக்கொண்டு தாவ ஆசையாக இருக்கும். 1 செ.மீ.க்கு மேல் தாவினால் துணி சுருங்கும், அங்கங்கே முடித்து வெட்டுவதே மேல். இணைப்புக் கோடுகள் ஒரு இழையில் ஓட்டுத் தையல், மீனுக்கு 3 மி.மீ. முன்னாலேயே நிறுத்துங்கள். தொட்டால் மீன் கோட்டில் கோத்த மணியாகிவிடும். ஜரிகை ஆசை விடவில்லையென்றால் பிறையின் முதுகில் மட்டும் ஒரு வரி, மேலே படுக்கவைத்துச் சாதாரண நூலால் 4 மி.மீ.க்கு ஒரு தரம் கட்டுங்கள். ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் பத்தாவது தையலில் உரிய ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு நாளும் வேலை நின்றதும் பிரேமைக் கழற்றிவிடுங்கள், வளையத் தடம் பதிந்தால் லேசில் போகாது. முடிந்தபின் குளிர்ந்த நீரில் மிதமான சோப்பு, ஐந்து நிமிடம், பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுங்கள். தடித்த துண்டின் மேல் குப்புறப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி, இல்லாவிட்டால் முடிச்சுகள் தட்டையாகிவிடும். ஜரிகை இருந்தால் சூட்டைக் குறையுங்கள், பிளாஸ்டிக் ஜரிகை பொசுங்கும். பிரேமிலேயே மாட்டுவதென்றால் 4 செ.மீ. விட்டுச் சுற்றிலும் வெட்டி, ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு, பின்னால் சுருக்குப்பை போல இழுத்துக் கட்டினால் போதும்.