சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: நூலில் அளந்த தூரம்

2016ஆம் ஆண்டு என் மகளுக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்தபோது, அம்மா கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு தூரம்?" என்பதுதான். சாங்கி விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் என்றேன். அம்மா உலக உருண்டையை எடுத்துவந்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். நூல் தாய்லாந்து வளைகுடா, சீனா, சைபீரியா என்று வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிக் கடந்து, கனடாவின் மேல் இறங்கியது.

காரணம் எளியது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் இருப்பதால், இரண்டும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்துள்ளன. நில நடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு ஏறத்தாழ 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, ஆக மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,300 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய இந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நேரக் கணக்கு அவ்வளவு நேரானதன்று. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் 17 மணி நேரம் வரும். கால அட்டவணையோ பதினெட்டரை மணி நேரத்தையும் தாண்டிக் காட்டுகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும் இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வதும் அதில் அடங்கும். அதோடு, விமானம் நூல் காட்டிய வழியில் செல்வதில்லை. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தைத் துணைக்குக் கொள்ள, பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேல் சுற்றிச் செல்கிறது. தூரம் கூடினாலும் பின்னிருந்து தள்ளும் காற்று அந்த இழப்பை ஈடுகட்டிவிடும்.

2004இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தால் தொடங்கிய இடைநில்லாச் சேவை, எரிபொருள் செலவு தாளாமல் 2013இல் நின்றுபோயிருந்தது. ஆகவே 2017இல் நாங்கள் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்றோம். முழங்கால் வலியோடு அம்மா அங்கே இறங்கி, சோதனை வரிசையில் நின்று, மீண்டும் ஏறியதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

2018 அக்டோபரில், 1,65,000 லிட்டர்வரை எரிபொருள் சுமக்கும் இரட்டை எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் விமானத்தோடு, நியூயார்க்கை அடுத்துள்ள நெவார்க்குக்கு நேரடிச் சேவை மீண்டும் வந்தது. மொத்தம் 161 இருக்கைகள். சாதாரண வகுப்பே கிடையாது. கட்டணம் மிகுதிதான், ஆனாலும் 2019 கோடையில் அம்மாவுக்காக அதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்டு, உள்ளூர் நேரப்படி மறுநாள் காலை ஆறு மணியளவில் இறங்கினோம். கோடையில் இரு ஊர்களுக்கும் நேர வேறுபாடு சரியாக 12 மணி நேரம் என்பதால், அம்மா தம் கைக்கடிகார முள்ளைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.