ஸ்டாப்பர் இல்லாத சீசன்

கால்பந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன் என்று சொன்னால் எங்கள் வீட்டுப் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. நம்பினவர்களும் பொறாமைப்படுகிறார்கள். உண்மையில் நாங்கள் ஆட்டம் பார்ப்பதில்லை, எண்ணுகிறோம். ஒவ்வொரு பாஸும், ஒவ்வொரு தலைமுட்டும், பந்து பறிபோன ஒவ்வொரு இடமும் ஒரு பட்டனாக, திரையில் ஒரு புள்ளியாகப் பதிவாக வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும். டிவியில் பந்து போகும் பக்கம் கேமரா போகும். எங்களுக்கு வருவது மேலிருந்து மைதானம் முழுவதும் தெரிகிற காட்சி. அதில் முகபாவம் தெரியாது, ஆனால் பின்வரிசை எந்த இடத்தில் நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். ரசிகனாக இருந்தவரை நான் பார்க்காத பாதி ஆட்டத்தை இந்த வேலைதான் காட்டியது.

2020-21 சீசன் முழுவதும் வீட்டிலிருந்தே வேலை. கொரோனா காலம், இங்கிலாந்து மைதானங்களில் பெரும்பாலும் ஆளே இல்லை. டிவிக்காரர்கள் ஒலித்தட்டு போட்டு ரசிகர் கூச்சலைச் சேர்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு வந்த காட்சியில் அது கிடையாது. ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கத்துவதுதான் கேட்கும். அந்த சீசனில் லிவர்பூல் ஆட்டங்கள் பெரும்பாலும் எங்கள் குழுவுக்கு வந்தன. எங்களுக்கு மூத்தவராக இருந்தவர் வியாசர்பாடிக்காரர். சென்னை லீகில் ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரராக ஆடி, முட்டி போனபின் இந்த வேலைக்கு வந்தவர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

2020 அக்டோபர் 17, சனிக்கிழமை. நம் நேரத்துக்கு மாலை 5 மணி ஆட்டம், குடிசன் பார்க்கில் எவர்ட்டனோடு. தொடங்கிய சில நிமிடங்களில் எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு பாய்ந்த பாய்ச்சலில் லிவர்பூல் ஸ்டாப்பர் விர்ஜில் வான் டைக்கின் வலது முட்டி மடங்கியது. அதற்கு முன்பே ஆஃப்சைடு என்பதால் பெனால்டி இல்லை. சிவப்பு அட்டையும் காட்டவில்லை. முட்டிக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்துபோயிருந்தது. அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. நாங்கள் பதிவு செய்தது "மாற்று ஆட்டக்காரர், காயம்" என்கிற ஒரே பட்டன்.

அந்த அணிக்கு அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும். 2018-19 பிரீமியர் லீகில் லிவர்பூல் எதிரணிகளிடம் வாங்கிய கோல்கள் 22. அடுத்த ஆண்டு 99 புள்ளிகளோடு கோப்பை. இரண்டு சீசனிலும் லீகில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. பயிற்சியாளர் க்ளாப்பின் பின்வரிசை ஏறக்குறைய நடுக்கோட்டில் வந்து நிற்கும். முதுகுக்குப் பின்னால் அரை மைதானம் காலி. அப்படி நிற்க ஒரு துணிச்சல் வேண்டும், அந்தத் துணிச்சலுக்கு வான் டைக்கின் கால் வேகம் வேண்டும். இத்தனைக்கும் 2020 கோடையில் டேஜன் லவ்ரனை விற்றுவிட்டு அவருக்குப் பதிலாக யாரையும் வாங்கவில்லை. மீதி இருந்த மூத்த ஸ்டாப்பர்கள் மூன்றே பேர்: வான் டைக், ஜோ கோமெஸ், ஜோயல் மாட்டிப். மாட்டிப் அடிக்கடி காயப்படுகிறவர் என்பது லிவர்பூலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இதைத் துரதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதி துரதிர்ஷ்டம், பாதி கணக்குத் தப்பு.

அப்புறம் வரிசையாக விழுந்தார்கள். நடுக்களத்து ஃபபின்யோவைப் பின்னால் இறக்கினார்கள். பத்து நாளில் அவருக்குத் தொடையில் காயம். நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில், பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமலேயே, கோமெஸின் முட்டித் தசைநார் போனது. மாட்டிப் ஜனவரிக் கடைசியில் டாட்டன்ஹாமோடு ஆடும்போது கணுக்காலில் காயப்பட்டு சீசனை முடித்துக்கொண்டார். மூன்று பேரும் காலி. கேப்டன் ஹெண்டர்சன் பின்னால் வந்தார், பிப்ரவரியில் அவரும் விழுந்தார். அந்த சீசனில் நடு ஸ்டாப்பர் ஜோடியாக லிவர்பூல் நிறுத்திய சேர்க்கைகள் 15-க்கும் மேல். எங்கள் பதிவில் ஆட்டம் தொடங்குமுன் வரிசையை நிரப்பும் வேலை உண்டு. மற்ற அணிகளுக்குப் போன வாரப் பட்டியலை எடுத்து ஒட்டிவிடலாம். லிவர்பூலுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் எழுதினோம்.

ஆனால் டிசம்பர் வரை அணி சாயவில்லை. கிறிஸ்துமஸ் அன்று பட்டியலில் முதலிடம் அவர்கள்தான். அதற்கு முன் வாரம் கிரிஸ்டல் பேலஸை அவர்கள் ஊரிலேயே 7-0. வான் டைக் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் போலிருக்கிறதே என்று நான் சொன்னபோது அண்ணன் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு பக்கம், ஆஸ்டன் வில்லாவிடம் 7-2 என்று சிதறினார்களே, அன்று வான் டைக் களத்தில்தான் இருந்தார். ஆகவே ஒரு ஆள் போனார், அணி விழுந்தது என்கிற கதை முதலிலேயே பொருந்தவில்லை.

விழத் தொடங்கியது ஜனவரியில். விழுந்த விதம்தான் எனக்கு இன்றுவரை பாடம். 68 லீக் ஆட்டங்களாகச் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தோற்காத அணி, ஜனவரி 21 அன்று பர்ன்லியிடம் 0-1. அப்புறம் பிரைட்டனிடம் 0-1, மான்செஸ்டர் சிட்டியிடம் 1-4, எவர்ட்டனிடம் 0-2, செல்சியிடம் 0-1, ஃபுல்ஹாமிடம் 0-1. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் தோல்விகள், கிளப்பின் வரலாற்றிலேயே முதன்முறை. பத்திரிகைகளில் எல்லாம் "பின்வரிசைக் காயம்" என்றே எழுதினார்கள். இந்த எண்களை இன்னொரு தரம் பாருங்கள். ஆறில் நான்கு ஆட்டங்களில் எதிரணி அடித்தது ஒரே ஒரு கோல். ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து லிவர்பூல் அடித்ததும் ஒரே ஒரு கோல், அதுவும் பெனால்டி. முன்வரிசையின் சலா, மானே, ஃபர்மீனோ மூவரில் யாருக்கும் பெரிய காயமில்லை. காயம் பின்னால், வறட்சி முன்னால்.

இது எப்படி என்று எனக்குப் புரியவைத்தது பட்டன்கள்தான். பந்தைப் பறித்த இடங்களைப் புள்ளியாகப் போட்டால் முந்தைய சீசனில் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், எதிரணியின் பாதியில் ஒரு கொத்து தெரியும். ஃபபின்யோவும் ஹெண்டர்சனும் நின்ற இடம் அது. எதிரணி பந்தை வெளியே எடுக்கும்போதே பறித்து, மூன்று பாஸில் சலாவிடம் கொடுப்பார்கள். ஜனவரியில் அந்தக் கொத்து கலைந்துவிட்டது. காரணம் எளிது, அவர்கள் இரண்டு பேரும் இப்போது பின்வரிசையில் நிற்கிறார்கள். ஸ்டாப்பர் வேலையை ஃபபின்யோ நன்றாகவே செய்தார். ஹெண்டர்சனும் பரவாயில்லை. ஆனால் அவர்கள் விட்டுவந்த இடத்தின் வேலையை யாரும் செய்யவில்லை. நடுக்களத்தில் இருந்த தியாகோ அழகான ஆட்டக்காரர். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு ஃபபின்யோ இருந்தால்தான் அந்த அழகு செல்லுபடியாகும். அதோடு வான் டைக் இடதுபக்கத்திலிருந்து குறுக்காக வலது ஓரத்துச் சலாவுக்கு அனுப்பும் நீண்ட பாஸ் போயிற்று, கார்னரில் அவர் தலை போயிற்று. எதிரணிகள் ஒன்பது பேரைப் பெனால்டி பெட்டிக்குள் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

சிட்டியோடு நடந்த ஆட்டத்தைப் பதிவு செய்து முடித்தபோது விடிய இன்னும் நேரமிருந்தது. லிவர்பூல் கோல்கீப்பர் அலிசன் இரண்டு முறை பந்தைத் தூக்கிக்கொடுத்து கோல் வாங்கிய ஆட்டம். குழு அழைப்பில் எல்லாரும் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் சொன்னார்: "வேட்டில கிழிசல்னு சட்டையக் கிழிச்சு ஒட்டுப் போட்டிருக்காங்க தம்பி. கிழிசல் தெரியல, சரி. ஆனா இப்ப சட்ட இல்லையே."

அவர் வாதம் இதுதான்: மூன்றாம் தர ஸ்டாப்பரானாலும் ஸ்டாப்பரையே நிறுத்து, நடுக்களத்தில் கை வைக்காதே. எனக்கு அப்போது முழுச் சம்மதமில்லை. அவர்களிடம் இருந்த ஸ்டாப்பர்கள் யார்? ரீஸ் வில்லியம்ஸுக்கு 19, 20 வயது. முந்தைய ஆண்டு கிடர்மின்ஸ்டர் என்ற ஆறாம் நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். நாட் பிலிப்ஸை விற்றுவிடலாம் என்றுதான் கிளப் நினைத்துக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களை வாங்கும் சந்தை மூடும் கடைசி நாளில் ஷால்கேயிலிருந்து ஒசான் கபாக்கைக் கடனாகவும், பிரஸ்டனிலிருந்து பென் டேவிஸை விலைக்கும் வாங்கினார்கள். டேவிஸ் கடைசிவரை லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. ஸ்டாப்பர் பஞ்சத்தில் வாங்கிய ஸ்டாப்பருக்கே இடம் கிடைக்காத விந்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை. கபாக்கின் முதல் ஆட்டத்தில், லெஸ்டரோடு, அவரும் அலிசனும் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொள்ள, லெஸ்டரின் வார்டி காலி வலையில் போட்டார். ஜனவரி முதல் தேதியே வாங்கியிருந்தால் அந்த ஒரு மாதம் பேசிப் பழகியிருப்பார்கள். ஆளில்லா மைதானத்தில் எங்களுக்குக் கேட்ட சத்தத்தில் வித்தியாசம் தெரிந்தது. பழைய ஜோடிகள் சும்மா கத்திக்கொண்டே இருப்பார்கள்: ஏறு, நில், விடு. புது ஜோடிகளில் பந்து வந்தபிறகுதான் குரல் வரும்.

மார்ச் 10 அன்று க்ளாப் மாற்றினார். லைப்ஸிக்கோடு சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். கொரோனா விதிகளால் புடாபெஸ்டில் நடந்தது. கபாக்கும் பிலிப்ஸும் பின்னால், ஃபபின்யோ மறுபடி நடுவில். 2-0. அந்த ஆட்டத்தைப் பதிவு செய்தது என் பங்கு. இரண்டாம் பாதியில் எதிரணிப் பாதியில் புள்ளிகள் மறுபடி விழத் தொடங்கியதைப் பார்த்து திரையைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

பிலிப்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் வான் டைக் இல்லை, அப்படி நடிக்கவும் இல்லை. ஓட்டம் குறைவு. பந்து காலுக்கு வந்தால் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். உயரத்தில் வந்தால் தலையால் முட்டுவார். எதிரே இருப்பது பந்தா, பூட்ஸா, இன்னொருவர் மண்டையா என்று பார்க்கமாட்டார். பந்தைத் தலையால் முட்டி அபாயத்தை விலக்கினால் அழுத்தும் "கிளியரன்ஸ், தலை" என்ற பட்டனை ஒரே ஆட்டக்காரருக்கு அத்தனை முறை நான் அழுத்தியதில்லை. கபாக்கும் ஏப்ரலில் காயப்பட, கடைசி ஐந்து ஆட்டங்களில் பிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும்தான் ஜோடி. சீசன் தொடங்கும்போது இந்த ஜோடியைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஐந்திலும் வெற்றி. அதில் ஒன்று வெஸ்ட் பிராமோடு 95-ஆம் நிமிடத்தில் கோல்கீப்பர் அலிசனே தலையால் முட்டிய கோலால் வந்தது. பர்ன்லியோடு பிலிப்ஸும் ஒன்று அடித்தார். 69 புள்ளிகள், மூன்றாமிடம். வாங்கிய கோல்கள் 42.

அண்ணன் சொன்னதை அப்படியே சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதை 2023-24 ரியல் மாட்ரிட் காட்டியது. சீசன் தொடங்குமுன்பே கோல்கீப்பர் கூர்த்துவா, முதல் லீக் ஆட்டத்திலேயே மிலிட்டாவ், டிசம்பரில் அலாபா, மூவருக்கும் அதே சிலுவைத் தசைநார். பயிற்சியாளர் ஆன்செலோட்டியும் நடுக்களத்து சுவாமேனியைப் பல ஆட்டங்களில் பின்னால் இறக்கினார். லீகில் வாங்கிய கோல்கள் 26. லீகும் சாம்பியன்ஸ் லீகும் அவர்களுக்கே. ஒன்று, அவர்களிடம் நடுக்களத்தில் குரூஸ், வல்வெர்டே, காமவிங்கா, மோட்ரிச் என்று ஆள் மிச்சம் இருந்தது. இரண்டு, பின்வரிசை நடுக்கோட்டில்தான் நிற்கவேண்டும் என்ற பிடிவாதம் அவர்களுக்கு இல்லை. சிட்டியின் மைதானத்தில் கால் இறுதியில் ஏறக்குறைய முழு நேரமும் தங்கள் பெட்டியின் முன்னால் குவிந்து நின்று, 1-1 என்று இழுத்து, பெனால்டியில் ஜெயித்தார்கள். க்ளாப்பின் அணியால் அப்படி நிற்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்பேன். அவர்கள் வாங்கிய கோப்பைகளும் அந்தப் பிடிவாதத்தால் வந்தவைதான்.

2021 மே மாதம் சென்னையில் இரண்டாம் அலை. எங்கள் குழுவிலும் ஆட்கள் படுத்துவிட்டார்கள். பதிவு செய்கிறவர்கள் குறைந்ததால், பிழை பார்க்கும் அனுபவசாலிகளை நேரடிப் பதிவுக்கு மாற்றிவிடலாம் என்று மேலிடம் சொன்னது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சியில் இருந்த புதுப் பிள்ளைகளைப் பதிவுக்கு உட்காரவைத்து, பிழை பார்ப்பவர்களை அவர்கள் இடத்திலேயே விட்டார். மெதுவாகத்தான் போனது. ஒரு வாடிக்கையாளர் தாமதம் என்று குறைபட்டுக் கடிதம்கூட எழுதினார். ஆனால் தப்பு வெளியே போகவில்லை. இதை லிவர்பூலைப் பார்த்துச் செய்தாரா, வியாசர்பாடி மைதானத்திலேயே தெரிந்துகொண்டதா, நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இப்போது எங்களுக்கெல்லாம் பிழை பார்க்கிறாள், கறாரான ஆள்.

அந்தக் கோடையில் வான் டைக், கோமெஸ், மாட்டிப் மூவரும் திரும்பினார்கள், லைப்ஸிக்கிலிருந்து கொனாட்டேயையும் வாங்கினார்கள். 2021-22-இல் வாங்கிய கோல்கள் 26, புள்ளிகள் 92. பிலிப்ஸுக்கு இடமில்லை. டிசம்பரில், சாம்பியன்ஸ் லீக் பிரிவில் முதலிடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால், மிலானோடு சான் சிரோவில் ஆடவைத்தார்கள். ஒரு கட்டத்தில் தன் பெட்டிக்குள்ளேயே பந்தை வைத்துக்கொண்டு, எதிரே வந்த இப்ராஹிமோவிச்சையும் கெசியேயையும் ஒரே திருப்பலில் ஏமாற்றிவிட்டு நடந்து போனார். அதே ஆட்டத்தில் கன்ன எலும்பும் முறிந்தது. ஜனவரியில் போர்ன்மவுத்துக்குக் கடனாகப் போய்விட்டார். அந்தத் திருப்பலைப் பதிவு செய்யும் முறை வந்தவள் புதுப் பிள்ளை. கிளியரன்ஸ் பட்டனிலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். "அண்ணே, இதுக்கு எதை அழுத்துறது?" என்று கேட்டாள். "டிரிப்ளிங்னு போடும்மா, பேரை மட்டும் ரெண்டு தரம் சரிபாரு, பிழை பாக்கறவங்க நம்பமாட்டாங்க" என்றார் அண்ணன்.