அலை ஓய்ந்த கரையில் ஒரு பகல்

மலேசியாவின் பினாங்கில் அது எனக்கு நான்காம் நாள். ஜார்ஜ் டவுனின் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் பழைய கடைவீதிகளையும் நடந்தே பார்த்து முடித்ததில் உள்ளங்கால் எரிந்துகொண்டிருந்தது. "இன்றைக்குக் கோயிலும் வேண்டாம், கடையும் வேண்டாம். தெலுக் பஹாங் போய்க் கடலோரம் உட்கார்ந்துவிட்டு வருவோம், வா தம்பி" என்றார் பெரியப்பா. அப்பாவின் பெரியப்பா மகன் அவர். அவருடைய தந்தை நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பெரியப்பா பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்த்து ஓய்வுபெற்றது எல்லாம் இந்தத் தீவில்தான்.

ஜெட்டி நிலையத்தில் 101-ஆம் எண் பஸ் ஏறினோம். சரியான சில்லறை கையில் இருக்க வேண்டும். பெட்டியில் போடும் பணத்துக்கு மீதி கிடைக்காது. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்கிறார்கள். எத்தனை அழகான சொல்! பெரியப்பா வீட்டிலேயே வெள்ளியையும் காசையும் எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கொம்தார் கட்டடத்தைத் தாண்டியதும் பஸ் வடகரையைப் பிடித்துக்கொண்டது. வலப்பக்கம் விட்டு விட்டுக் கடல் தெரிந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெரியப்பா ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தார். தஞ்சோங் பூங்கா என்றால் பூ முனை. பத்து பிரிங்கியில் 'பத்து' என்பது கல். 'பிரிங்கி' நம்முடைய 'பரங்கி'யேதான். நாகைக்கு வடக்கே எங்கள் கரையில் பரங்கிப்பேட்டை. இங்கே பரங்கிப் பாறை. வெள்ளைக்காரன் இறங்கிய இடங்களுக்கு இரண்டு கரையிலும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே வரிசையாக நின்ற பெரிய விடுதிகளில் எனக்கு மனம் ஒட்டவில்லை. பாதை மலையை ஒட்டி வளைந்து வளைந்து போய், கடைசியில் தெலுக் பஹாங்கில் இறக்கிவிட்டது. 'தெலுக்' என்றால் குடா. 'பஹாங்' என்பது வெயிலும் நெருப்பும் கக்கும் வெக்கை. எங்கள் ஊரில் அதைக் காங்கை என்போம். பத்து மணிக்கே அந்தப் பெயரின் நியாயம் விளங்கிவிட்டது.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள். 2003-இல் அறிவிக்கப்பட்ட காடு அது. அதன் கோடியில் மூக்கா முனையின் மேல் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. போகட்டும், நல்ல இடம்தான். ஆனால் காட்டு வாசலுக்கு விரைகிறவர்கள் கிராமத்தைத் திரும்பியும் பார்க்காமல் போவது எனக்கு வருத்தமாக இருந்தது. நாங்கள் மீனவர் துறையின் நீண்ட பாலத்தில் பாதி தூரம் நடந்து, நிழல் விழுந்த ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டோம்.

கடல் அசையாமல் கிடந்தது. அலை எழும்பி விழும் ஓசையிலேயே வளர்ந்தவன் நான். எங்கள் கரையில் வங்கக் கடல் பேசிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு உரக்கப் பேச வேண்டும். இங்கோ சுமத்ரா குறுக்கே படுத்துக்கொண்டு அலையையெல்லாம் தாங்கிக்கொள்கிறது. நீர் கரையை நக்கிவிட்டுத் திரும்பும் சத்தம்கூடச் சன்னமாகத்தான் கேட்டது. படகுகள் கட்டிய இடத்தில் தூளியில் கிடக்கும் பிள்ளைகளைப் போல மெல்ல ஆடின. ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வானம் தெளிவாக இருந்ததால் வடக்கே தூரத்தில் ஒரு நீல மலை எழுந்து நின்றது. "குனோங் ஜெராய்" என்றார் பெரியப்பா. கெடா மாநிலத்து மலை. அதாவது கடாரத்து மலை. வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் எங்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாகப் போனது. 1025-இல் இராசேந்திரனின் படை இந்தப் பக்கம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கடாரம் என்ற சொல், கண்ணெதிரே நீலமாக நின்றது.

எங்களுக்கு அருகில் ஒரு பெரியவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அவரிடம் மலாயில் என்னைப் பற்றிச் சொன்னபோது, பேச்சின் நடுவே 'நெலாயான்' என்ற சொல் என் காதில் விழுந்தது. மலாயில் மீனவருக்கு அதுதான் பெயர். சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்து மக்களான நுளையர் இருக்கிறார்களே, அந்தச் சொல்லே இங்கே வந்து நெலாயான் ஆனது என்று சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். கப்பல் இங்கே 'காப்பால்', கடை 'கெடாய்'. அவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும். நெலாயான் மட்டும் என்னை அசைத்துவிட்டது. என் அப்பா கடலுக்குப் போகிறவர்.

எந்த ஊர் என்று பெரியவர் கேட்டார். நாகப்பட்டினம் என்றேன். வலையூசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பினாங்கில் 50-க்கும் மேற்பட்டவர்களை அந்த அலை கொண்டுபோனது. எங்கள் மாவட்டத்தில் 6,000-க்கும் மேல். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் தோளில் கையை வைத்து, சற்று நேரம் எடுக்காமலே இருந்தார்.

மதியம் ஒரு மலாய்க்காரர் கடையில் சோறும், சுட்ட கானாங்கெளுத்தியும், புளிப்பும் காரமுமான சம்பலும் சாப்பிட்டோம். இங்கே அந்த மீனுக்குக் கெம்போங் என்று பெயர். முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு கோப்பி ஓ என்னும் பால் சேர்க்காத காப்பி குடித்துவிட்டு மீண்டும் பாலத்துக்கே வந்து படுத்துக்கொண்டோம். கடற்காற்று பிடித்ததும் பெரியப்பா உறங்கிவிட்டார்.

வெயில் மூக்கா முனைப் பக்கம் சாய்ந்தபோது அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. துறை, படகுகள், மீன், பெரியவர் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கே என்ன காற்று?" என்றார்.

எழுந்து நின்று பார்த்தேன். கடலிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. "வடக்கேயிருந்து வருகிறது அப்பா."

"அப்படியென்றால் வாடை" என்றார்.